பாஸ்டன் துறைமுகம் உறைந்தபோது: ஒரு கல்லச்சுப் படத்தின் பின்கதை

படத்தின் நடுவே ஒரு நீராவிக் கப்பல். ஒற்றைப் புகைபோக்கி, மூன்று பாய்மரங்கள், விலாவில் பெரிய துடுப்புச் சக்கரம். 19ஆம் நூற்றாண்டின் கப்பல் படங்கள் பலவும் இப்படித்தான் இருக்கும். ஆனால் இதில் கப்பலைச் சுற்றி அலை இல்லை. தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஜனங்கள் நிற்கிறார்கள். காலில் ஸ்கேட் கட்டிக்கொண்டு சறுக்கி வந்தவர்கள், குதிரை பூட்டிய சறுக்குவண்டியில் வந்தவர்கள், சும்மா நடந்து வந்தவர்கள் என்று பாதி ஊரே அன்று கடல்மேல் கூடியிருந்தது. நமக்குத் தேரோட்டம்தான் நினைவுக்கு வரும். வடம் மட்டும் இல்லை.

நாள் 1844 பிப்ரவரி 3. இடம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகம். கப்பலின் பெயர் பிரிட்டானியா. குளிர்கால வாழ்த்து அட்டையில் போடத் தோதான காட்சி என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். பின்னணி தெரிந்தபின் பார்த்தால் குதூகலத்துக்கு அடியில் ஒரு பதற்றம் தெரிகிறது. இது ஒரு ஊரின் வியாபாரிகள் தங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட கதை. படம் அதற்கான விளம்பரம்.

பதற்றத்தின் காரணத்தைப் புரிந்துகொள்ளச் சில வருஷம் பின்னால் போக வேண்டும். அட்லாண்டிக்கின் குறுக்கே நீராவிக் கப்பலில் தபால் கொண்டுபோகும் ஒப்பந்தத்தை 1839இல் பிரிட்டிஷ் அரசு சாமுவேல் கியூனார்டுக்குக் கொடுத்தது. கனடாவின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர். அவர் கட்டிய நான்கு கப்பல்களில் முதலில் ஓடியது பிரிட்டானியா. 1840 ஜூலை 4ஆம் தேதி இங்கிலாந்தின் லிவர்பூலில் கிளம்பி, ஹாலிஃபாக்ஸ் வழியாக இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் பாஸ்டனை அடைந்தது. காற்றை நம்பிக் கிளம்பி, எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாத பாய்மரக் கப்பல்களுக்குப் பழகியவர்களுக்கு இது அதிசயம். வேகத்தைவிட, சொன்ன தேதியில் கிளம்பும் என்பதுதான் பெரிய விஷயம். கடிதத்தோடு விலைவாசிச் செய்தியும், பணம் தரச் சொல்லும் வியாபாரச் சீட்டான உண்டியலும் வருகிற காலம் அது.

நியூயார்க் இருக்கும்போது பாஸ்டனுக்கு ஏன் இந்த யோகம்? ஹாலிஃபாக்ஸுக்கும் லிவர்பூலுக்கும் பாஸ்டன் இன்னும் கிட்டே. கிழக்கு பாஸ்டனில் கப்பல் வந்து நிற்க இடமும் சலுகையாகக் கிடைத்தது. பாஸ்டன்காரர்களுக்கோ இது பிழைப்பைக் காப்பாற்றும் வழி. 1825இல் உள்நாட்டு ஏரிகளை நியூயார்க்கோடு இணைத்த ஈரி கால்வாய் திறந்ததிலிருந்து உள்நாட்டுச் சரக்கெல்லாம் நியூயார்க்குக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிப் பிடிக்க 1841இல் அந்தக் கால்வாயின் கிழக்கு முனையான ஆல்பனி வரை ரயில் பாதை போட்டு முடித்திருந்தார்கள். ஒரு முனையில் ரயில், மறுமுனையில் கியூனார்டு கப்பல். இரண்டும் சேர்ந்தால் நியூயார்க்கை எட்டிப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு.

கப்பல் ஏதோ சொகுசு மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். 207 அடி நீளம், மரத்தால் ஆன உடல், 115 பயணிகளுக்கு இடம். 1842 ஜனவரியில் இதே கப்பலில் வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தனக்குக் கொடுத்த அறையின் அளவைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புலம்பியிருக்கிறார். திரும்பிப் போகும்போது பாய்மரக் கப்பலில் போய்விட்டார்.

1844 ஜனவரிக் கடைசியில் துறைமுகம் உறைந்தது.

கடல் அவ்வளவு சுலபத்தில் உறைவதில்லை. உப்பு இருப்பதால் 0 டிகிரியில் உறையாமல் மைனஸ் 1.8 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருவது. அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று உண்டு. குளத்துத் தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலேயே தங்கிவிடும். அதனால் மேல்மட்டம் மட்டும் உறைந்தால் போதும், குளம் மூடிக்கொள்ளும். அடியில் மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும். கடல் நீர் அப்படியல்ல. குளிரக் குளிர அடர்த்தி கூடிக் கீழே இறங்கும், கீழிருந்து சற்று வெதுவெதுப்பான நீர் மேலே வரும், அதுவும் குளிர்ந்து இறங்கும். மேலிருந்து அடிவரை எல்லாம் உறைநிலையை நெருங்கிய பிறகுதான் பால்மேல் ஆடை கட்டுவதுபோல மேலே கட்ட ஆரம்பிக்கும். பாஸ்டன் துறைமுகத்துக்கு ஆழம் குறைவு. வெளியே தீவுகள் அலையைத் தடுக்கின்றன. சார்ல்ஸ், மிஸ்டிக் என்று இரண்டு ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கலக்கின்றன. ஆகவே கடுங்குளிர் விடாமல் சில நாள் அடித்தால் அங்கே கடலும் மூடிக்கொள்ளும்.

மூடினாலும் அது குளம்போல அசையாமல் கிடப்பதில்லை. பாஸ்டனில் ஓதத்தால் கடல்மட்டம் ஒருநாளில் இரண்டு முறை சுமார் மூன்று மீட்டர் ஏறி இறங்கும். மொத்தப் பனிப்பாளமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும். கரையோடு ஒட்டிய ஓரம் மட்டும் அசைய மாட்டேன் என்று நிற்கும். இரண்டுக்கும் இடையில் பனி உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்து கிடக்கும். படத்தில் கவலையில்லாமல் நிற்கிற அத்தனை பேரும் முதலில் அந்த ஓரத்து உடைசலைத் தாண்டித்தான் நடுவே போயிருக்க வேண்டும். ஓவியத்தில் அதெல்லாம் வராது.

கால்களையும் கொஞ்சம் பார்க்கலாம். அந்தக் காலத்து ஸ்கேட் என்பது தனி காலணி கிடையாது. பாதத்தின் அளவுக்கு ஒரு மரப்பலகை, அதன் அடியில் பதித்த இரும்புத் தகடு, போட்டிருக்கும் பூட்ஸின் குதிகாலில் முறுக்கி ஏற்ற ஒரு திருகாணி, மேலே இறுக்கிக் கட்டத் தோல்வார். வார் தளர்ந்தால் கணுக்கால் மடங்கும். குளிரில் விரைத்த விரலால் அதை அவிழ்ப்பது தனி வித்தை. கடற்பனியில் இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளும், ஆனால் முழுதாகத் தள்ளி முடியாது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளில் உப்புநீர் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதனால் குளத்துப் பனிக்கட்டியைவிட இது மென்மையானது, மங்கலானது. மெல்லியதாக இருக்கையில் சட்டென்று உடையாமல் காலடியில் வளைந்துகொடுக்கும். இரும்புத் தகடு இதில் சற்று மந்தமாகவே ஓடும்.

சறுக்குவது எப்படி என்று கேட்டால், உடல் எடையின் அழுத்தத்தில் பனி உருகி அந்தத் தண்ணீரில் வழுக்குகிறது என்பார்கள். பாடப்புத்தகங்களிலும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. கணக்குப் போட்டால் ஒத்துவராது. ஒரு மனிதனின் எடையால் உருகுநிலையை அந்த அளவுக்குக் கீழே தள்ள முடியாது. பனிக்கட்டியின் மேற்பரப்பிலேயே இயல்பாக, முழுக்க உறையாத மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. தகடு உரசும் சூடும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மேற்பரப்பில் அப்படி ஒரு படலம் இருக்க வேண்டும் என்று ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஊகித்தது 1850இல், இந்தப் படம் வந்து ஆறு வருஷம் கழித்து.

கதைக்கு வருவோம். பிரிட்டானியா பிப்ரவரி 1ஆம் தேதி கிளம்ப வேண்டும். குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒரு தபால் கப்பல்தான். துறையிலிருந்து திறந்த கடல் வரை ஏழு மைலுக்குப் பனி. துடுப்புச் சக்கரக் கப்பலால் அதை முட்டி உடைத்துக்கொண்டு போக முடியாது, சக்கரம் சிதறிவிடும். கப்பல் மாட்டிக்கொண்டால் ஒரு மாதத் தபால் தாமதம் என்பதோடு போகாது. ‘பனிக்காலத்தில் மூடிக்கொள்ளும் துறைமுகம்’ என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால், அடுத்த ஒப்பந்தத்தில் கியூனார்டு கப்பல்கள் நியூயார்க்குக்குப் போய்விடும். வியாபாரிகள் கூட்டம் போட்டார்கள், பணம் திரட்டினார்கள், கப்பல் போக வாய்க்கால் வெட்டுவது என்று முடிவெடுத்தார்கள்.

கேட்டால் கிறுக்குத்தனமாகத் தோன்றும். ஆனால் வேறெந்த ஊர்க்காரர்களுக்கும் இந்த யோசனை வந்திருக்காது, வந்திருந்தாலும் செய்ய ஆளிருந்திருக்காது. பனிக்கட்டி வெட்டுவதையே தொழிலாக வைத்திருந்த ஊர் பாஸ்டன்.

அந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தவர் ஃபிரெடரிக் டியூடர். 1806இல் 130 டன் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி வெப்பமண்டலத் தீவான மார்ட்டினிக்குக்கு அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம் வந்தது, கடனுக்காகச் சிறைக்கும் போனார், விடவில்லை. தொழிலை நிலைநிறுத்தியது அவரோடு வேலை பார்த்த நத்தானியல் வைத் 1820களில் உருவாக்கிய பனிக் கலப்பை. இரும்புப் பற்கள் கொண்ட அந்தக் கலப்பையைக் குதிரை இழுக்கும். முதல் சால் நேராகப் போனதும், கலப்பையோடு சேர்ந்த வழிகாட்டிச் சட்டத்தை அந்தச் சாலில் பொருத்திக்கொண்டு இரண்டாவது சால் ஓட்டுவார்கள். அதனால் எல்லாச் சாலும் ஒரே இடைவெளியில் விழும். பிறகு குறுக்கே உழுதால் குளத்தின் மேல் பெரிய சதுரங்கப் பலகை. சாலில் கடப்பாரையை இறக்கி நெம்பினால் கட்டி கட்டியாகப் பிரியும். எல்லாம் ஒரே அளவு என்பதால் கப்பலில் இடைவெளி இல்லாமல் அடுக்கலாம், அதனால் உருகுவதும் குறைவு. சுற்றிலும் மரத்தூள்.

குதிரை பனியை உடைத்துக்கொண்டு தண்ணீரில் விழுவது சாதாரணமாக நடப்பதுதான். அதற்காகவே கழுத்தில் ஒரு சுருக்குக் கயிறு கட்டியிருப்பார்கள். விழுந்தால் உடனே சுருக்கை இறுக்குவார்கள். மூச்சு உள்ளேயே அடைபட்டு, குதிரை பந்துபோல மிதக்கும், இழுத்துக் கரையேற்றிவிடலாம். கொடுமைதான், ஆனால் பிழைத்துக்கொள்ளும்.

தொழில் எவ்வளவு மும்முரம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிரெஷ் பாண்ட் குளத்தில் எந்தப் பனி யாருக்கு என்று கரை நிலக்காரர்களுக்குள் தகராறு வந்து, 1841இல் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் சைமன் கிரீன்லீஃப் உட்கார்ந்து, கரைநீளத்தின் விகிதத்தில் தண்ணீரின் மேற்பரப்பைப் பங்கு பிரித்துக் கொடுத்தார். கோடையில் அலையடிக்கும் வெறும் தண்ணீருக்குப் பாகப்பிரிவினை!

இப்படிப்பட்ட ஆட்களிடம்தான் துறைமுகத்தை வெட்டும் வேலை போனது. குளத்தில் ஓடிய கலப்பையும் ரம்பமும் கடலில் இறங்கின. சரக்காக விற்கப் போவதில்லை என்பதால் கட்டி அழகாக இருக்க வேண்டியதில்லை. பெரும் பாளங்களாக அறுத்து, கொக்கி மாட்டி, ஆட்கள் இழுத்து வழியிலிருந்து அப்புறப்படுத்தினால் போதும். ஆனாலும் அளவைப் பாருங்கள். வாய்க்காலின் அகலம் நூறடி, பனியின் கனம் ஓரடி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஏழு மைலுக்கு ஏறக்குறைய 96,000 டன் பனி வருகிறது. 1833இல் டியூடர் கல்கத்தாவுக்கு முதன்முதலாக அனுப்பிய டஸ்கனி கப்பலில் ஏற்றியது 180 டன். அப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்களை நிரப்பக்கூடிய பனியைச் சில நாட்களில் அறுத்து ஒதுக்கியிருக்கிறார்கள். உப்புப் பனி, ஒரு காசுக்கு விலை போகாது.

குறித்த தேதிக்கு இரண்டு நாள் தாமதமாக, 3ஆம் தேதி பிரிட்டானியா நகர்ந்தது. வாய்க்காலில் இரவோடிரவாகப் படிந்த புதுப்பனியை நொறுக்கிக்கொண்டு போனது. இருபுறமும் ஆரவாரம். ஸ்கேட்டிங் தெரிந்தவர்கள் கூடவே போனார்கள்.

படத்தில் இந்தச் சறுக்குகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வெறும் கப்பலையும் வெள்ளைப் பரப்பையும் வரைந்தால் பனி எவ்வளவு கனம் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நன்னீர்ப் பனியாக இருந்தாலே ஓர் ஆள் பயமில்லாமல் நிற்கச் சுமார் 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும், குதிரையும் வண்டியும் ஏற அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. கூட்டமும் குதிரையும் நிற்பதைக் காட்டியதும் கனம் தானாகத் தெரிந்துவிடுகிறது. இவ்வளவு பனியை வெட்டினோம் என்று வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. அதோடு, சறுக்கி விளையாடுகிற கூட்டத்தைப் பார்த்தால் ஆபத்து என்ற எண்ணமே எழாது. எங்கள் ஊரில் துறைமுகம் உறைந்தால் திருவிழா, கப்பல் பாட்டுக்குப் போகும். இதைத்தானே நியூயார்க்கில் இருப்பவன் பார்க்க வேண்டும்?

படத்தைச் செய்த முறையும் இதற்குத் தோது. புகைப்படக் கலை பிறந்து ஐந்து வருஷமாகியிருந்தது, ஆனால் நகர்கிற கூட்டத்தைப் பிடிக்க அதற்கு வேகம் போதாது. செய்தி சூடாக இருக்கும்போதே நிறைய பிரதி வேண்டும் என்றால் கல்லச்சுதான். சுண்ணாம்புக்கல் பலகையில் கொழுப்பு கலந்த கிரேயானால் வரைவார்கள். கல்லை நனைத்துவிட்டு உருளையால் எண்ணெய் மை தடவினால் கோடுகள் மட்டும் மையை வாங்கும், ஈரக்கல் வாங்காது. தாளை அழுத்தி எடுத்தால் இடம் வலமாக மாறி விழும் என்பதால், கல்லில் ஊரையும் கப்பலையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வரைய வேண்டும். பனியை வரைவதோ சுலபம், தாளை வெறுமனே விட்டுவிட்டால் போதும். கருக்க வேண்டியது வாய்க்காலைத்தான். வெட்டியவர்கள் பட்ட பாடெல்லாம் அந்தக் கறுப்புப் பட்டைக்குள் அடங்கிவிட்டது.

இந்தக் கலப்பைகள் வருஷா வருஷம் குளத்தில் வெட்டிய நல்ல பனி எங்கே போனது? ஒரு பங்கு நம் ஊருக்கு. டஸ்கனி கல்கத்தா சேர்ந்தபோது 180 டன்னில் சுமார் 100 டன் மிச்சமிருந்தது, அதுவே லாபம். 1840களில் மதராஸ் கடற்கரையில் டியூடரின் பனிக்கிடங்கு எழுந்தது. திருவல்லிக்கேணிப் பக்கத்தில் இன்றும் அந்த வட்டாரத்துக்கு ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் பெயர். அப்போது மதராஸில் துறைமுகம் கிடையாது. கட்டும் வேலை தொடங்கியதே 1870களில். அதுவரை கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வரும். நாலைந்து மாதம் கடலில் வந்த பாஸ்டன் குளத்துத் தண்ணீர் கடைசி அரை மைலைத் தையல் படகில் குலுங்கிக் குலுங்கிக் கடந்திருக்கிறது. 1846-47 குளிர்காலத்தில் பாஸ்டனுக்கு அருகிலுள்ள வால்டன் குளத்தில் நூறு ஐரிஷ் கூலிகள் பனி வெட்டுவதைக் கரையிலிருந்து பார்த்த அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, மதராஸ்காரர்களும் பம்பாய்க்காரர்களும் தன் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதியது இதைத்தான். இங்கே குடித்தது பெரும்பாலும் துரைமார்கள்தான் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாய்க்கால் வெட்டியும் பாஸ்டன் ஜெயிக்கவில்லை. 1848இல் கியூனார்டு கப்பல்கள் நியூயார்க்குக்கும் ஓடத் தொடங்கின. வரவர அந்தப் பக்கம்தான் கூட்டம் சேர்ந்தது. பிரிட்டானியாவை 1849இல் ஜெர்மானியர்களுக்கு விற்றார்கள். அவர்கள் பீரங்கி ஏற்றி, ‘பார்பரோசா’ என்று பேர் மாற்றிப் போர்க்கப்பலாக்கினார்கள். கடைசியில் 1880இல் டார்பிடோ சோதனைக்கு இலக்காக நிறுத்தி மூழ்கடித்தார்கள்.

மதராஸில் 1874இலேயே இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யும் கம்பெனி வந்துவிட்டது. டியூடர் 1864இல் இறந்திருந்தார். கிடங்கு காலியானது. 1880 வாக்கில் அதைப் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் வாங்கி வீடாக மாற்றினார். சிகாகோ போய்த் திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது அங்கேதான். வெளிக்காற்று புகக் கூடாது என்று கட்டிய கனத்த சுவர்களில் வரிசையாக ஜன்னல் வைத்து, சுற்றிலும் வளைந்த தாழ்வாரம் எடுத்தார் ஐயங்கார். அப்படியும் உள்ளே புழுக்கம் தீரவில்லையாம்.